மோஹாவுக்கு ஓதிய பாத்திஹா

வாக்குப்பெட்டியை டிக்கியில் வைக்கத் தமூ சம்மதிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் வருவேன் என்று ஒரே பிடிவாதம். டிரைவரோடு ஏழு பேரை அடைத்துக்கொண்டு மலை இறங்கும் பழைய பென்ஸ் டாக்ஸி அது. பெட்டியின் முனை முன்சீட்டுக்காரரின் பிடரியை வளைவுக்கு வளைவு இடித்தது. அவர் மூன்று முறை திரும்பி முறைத்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

“உள்ள என்ன லல்லா, கோழியா?” என்றான் டிரைவர். அந்த மலைகளில் பெண்களை மரியாதையாக ‘லல்லா’ என்பார்கள்.

“இல்லப்பா. எங்க சங்கத்துல பதினாலு வருஷமா ஒருத்தரும் கண்ணால பாக்காத ஜந்து. ஓட்டுன்னு பேரு.”

கார் மொத்தமும் சிரித்தது. பக்கத்தில் நசுங்கிக் கிடந்த ஸாயித் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். “பாத்துப் போ டிரைவரு. குலுக்குன குலுக்குல இங்கயே முட்டை போட்டுரப் போவுது.”

ஸாயித் தமூவின் பால் சகோதரன். அவனைப் பெற்ற மூன்றாம் நாள் அவன் தாய் இறந்துபோனாள். தமூ அப்போது இரண்டு மாதக் குழந்தை. தமூவின் அம்மா ஒரு பக்கம் இவளுக்கும் மறுபக்கம் அவனுக்குமாகப் பால் கொடுத்து இரண்டையும் தேற்றினாள். உஸ்மர் பள்ளத்தாக்கில் ஒரே மார்பில் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள்தான், அதில் இரண்டாம் பேச்சு கிடையாது. கணவனை இழந்த தமூ அவனோடு ஊர் ஊராகக் காரில் சுற்றியும் ஒரு நாக்கும் புரளவில்லை என்றால் அதுதான் காரணம். அவள் தாலத் கிராம சபையின் தலைவி. அவன் ஆற்றுக்கு அக்கரையில் இமின் கிராம சபையின் தலைவன். நாற்பத்தேழு வயதிலும் அவனை அவள் ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுவாள்.

இருவரும் பெனி மெல்லால் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே மலைக் கிராம சபைகளின் தேசியச் சங்கத்துக்கு மாநாடு. நூற்றுப் பதினெட்டு சபைகள், ஒரே தலைவர். ஹாஜி பென்னாசரை யாரும் எப்போதாவது தேர்ந்தெடுத்ததாக ஒருவருக்கும் ஞாபகமில்லை. மாநாடு நடக்கும். உலர்ந்த பிளம்ஸ் போட்ட ஆட்டுக்கறி வரும். எல்லாரும் கை தட்டுவார்கள், அவர் நெஞ்சில் கைவைத்துக் குனிவார். அடுத்த நான்கு வருடத்துக்குக் கதை முடிந்தது.

இந்த முறை அப்படி முடியாது என்பதற்குத்தான் பெட்டி. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் சங்கத்துக்கு ஏழு ஆம்புலன்ஸ் கொடுத்தது. எந்த வண்டி எந்தப் பள்ளத்தாக்குக்கு என்ற பட்டியலும் கூடவே வந்தது. பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள், ஆனால் அதைக் கண்டவர் இல்லை. ஹாஜியின் மச்சான் நடத்தும் எண்ணெய் ஆலையின் முற்றத்தில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்பதைத் தமூவே பார்த்தாள். அதன் கூரையில் ஈரச் சாக்குகளைக் காயப் போட்டிருந்தார்கள். பட்டியலைக் கேட்டு நான்கு கடிதம் எழுதினாள். நான்குக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே பதில். நாலாவதில் தேதியைக்கூட மாற்றியிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் கையெழுத்து வாங்கக் கிளம்பினாள். கேட்டது இரண்டே விஷயம். தலைவரை ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும், ஓட்டுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் பட்டியலைச் சபையில் படிக்க வேண்டும். ஹாஜிக்கு எதிராக நிற்க வேறு ஆள் கிடைக்காததால் அவளே நின்றாள். முதல் கையெழுத்துப் போட்டவர் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் அஸ்கூர் சபைத் தலைவராக இருந்த மோஹா. அவர் வீட்டில் அவர் மனைவி இஜ்ஜா ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே அறுபத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள். எல்லாருக்கும் உள்ளூர உதறல்தான். யாருக்கு ரோடு, யாருக்குத் தண்ணீர் மோட்டார் என்பதில் ஹாஜியின் சிபாரிசுதான் கடைசி வார்த்தை. தமூ ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: “நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு பெட்டிக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது.”

எட்டு நாளைக்கு முன்பு மோஹா இறந்துபோனார். வயிற்றுவலி என்று துடித்தவரை உருளைக்கிழங்கு ஏற்றும் வண்டியின் பின்னால் போட்டுக் கொண்டுபோனார்கள். தார் ரோட்டைத் தொடும் முன்பே உயிர் போய்விட்டது. இப்போது கையெழுத்து அறுபது. அப்படியும் பாதிக்கு மேல்தான்.

சங்க விதியில் ரகசிய ஓட்டு என்ற வரியைப் போன வருடமே போராடிச் சேர்த்தாகிவிட்டது. அதை எழுதியவன் ஸாயித். வரியின் கடைசியில் ஒரு வால் இருந்தது: ‘சபை ஒருமனதாக முடிவெடுத்தால் அன்றி.’ அது எதற்கு என்று தமூ அன்றைக்கே கேட்டாள்.

“பெருசுங்களுக்கு ஒரு மரியாதைக்குக்கா. அது இல்லன்னா நம்மளை நம்பலையான்னு மூஞ்சியைத் தூக்குவாங்க. இத்தினி பேரு எதிரா இருக்கறப்ப எங்கேர்ந்து ஒருமனசு வரும்?”

கணக்கு சரிதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாநாட்டு மண்டபத்தில் காலையிலேயே வெங்காயம் வதங்கும் வாசனை. ஹாஜி வாசலில் நின்று ஒவ்வொருவரையும் தோளில் தட்டி வரவேற்றார். தமூவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்தாவது அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“வாம்மா லல்லா தமூ! பெட்டியைக் கையோட கொண்டாந்துட்டியா? எங்க மேல அவ்வளவு பாசம்!”

“பாசம் இல்லாமயா ஹாஜி. பட்டியலை நீங்க மறந்துருந்தாக்கூட பெட்டியை நான் மறப்பேனா?”

“பட்டியலுக்கென்ன, எங்க ஓடிப் போவுது,” என்று சிரித்தார்.

ஓடித்தான் போயிருந்தது. வருடாந்தர அறிக்கையைச் செயலாளர் நாற்பது நிமிடம் படித்தார். அதில் மரம் நட்டது வந்தது, விருந்தாளிகளை வரவேற்றது வந்தது, ஆம்புலன்ஸ் வரவில்லை. தமூ எழுந்து கேட்டாள். புதிய நிர்வாகம் வந்ததும் முதல் வேலை அதுதான் என்றார் ஹாஜி. பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். சரி, நாமே புதிய நிர்வாகமாக வந்து நாமே படிப்போம் என்று தமூ உட்கார்ந்தாள். அறுபது முகங்களையும் ஒருமுறை கண்ணால் எண்ணிக்கொண்டாள். மூலையில் இரண்டு கம்பளிகளைத் தொங்கவிட்டு ஓட்டுப் போட மறைவு கட்டியிருந்தது. மேசையில் பெட்டி, பக்கத்தில் சீட்டுக்கட்டு. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம்.

தேர்தலை நடத்த மூன்று பேர் கொண்ட குழு. அதில் ஸாயித் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு இடம் வாங்கித் தந்தவள் தமூ. அவன் மைக்கை எடுத்தான்.

“ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி நமக்கு ஒரு கடமை இருக்கு. போன மாநாட்டுல அதோ அந்த ஜன்னலோரம் உக்காந்திருந்த மனுசன் இன்னிக்கு இல்ல. நம்ம மோஹா மாமா. அவருக்காக எல்லாரும் கையேந்தி ஒரு பாத்திஹா ஓதுவோம்.”

குர்ஆனின் முதல் அத்தியாயத்தை ஓத மண்டபமே உள்ளங்கைகளை விரித்தது. தமூவும் விரித்தாள். ஸாயித்துக்குத் தோன்றியிருக்கிறதே, எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கப்படக்கூடச் செய்தாள். கண்ணை மூடியதும் உருளைக்கிழங்கு வண்டியும் அதன் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மோஹாவின் கால்களும் தெரிந்தன. கண்ணீர் வந்தது. ஓதி முடித்ததும் ஸாயித் துஆ கேட்கத் தொடங்கினான். அவனுக்கு நல்ல குரல்.

“யா அல்லாஹ், மோஹாவோட கபரை விசாலமாக்கு.”

“ஆமீன்.”

“அவர் பிள்ளைங்களுக்குப் பொறுமையைக் குடு.”

“ஆமீன்.”

“அவரு பாடுபட்ட இந்தச் சங்கத்தை உடையாமக் காப்பாத்து.”

“ஆமீன்.”

“எங்க வார்த்தையை ஒண்ணாக்கு. எங்க ஹாஜி பென்னாசர் தலைமையிலயே எங்களை ஒரே கையா வை.”

“ஆமீன்.”

அந்த நான்காவது ஆமீனைத் தமூவும் சொன்னாள். முந்தைய மூன்றும் வந்த வேகத்தில் அதுவும் வந்துவிட்டது. காது கேட்டு மனசுக்குச் சொல்லும் முன்பே வாய் சொல்லி முடித்திருந்தது. கண்ணைத் திறந்தபோது எல்லாரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

“பாத்திஹா ஓதியாச்சு!” என்று கத்தினார் செயலாளர். “சபை ஒருமனதா ஹாஜியை ஏத்துக்கிட்டுது! மபுரூக்!”

முன்வரிசை அந்த வாழ்த்தைத் திருப்பிச் சொல்லிக் கை தட்டியது. சமையல்கட்டுப் பக்கம் பெண்கள் குலவையிட்டார்கள். கதவுகள் திறந்து, தட்டுத் தட்டாகப் பாலும் பேரீச்சம்பழமும் வந்தன. கொண்டாட்டத்துக்குத் தரும் பாலையும் பேரீச்சம்பழத்தையும் சாவுக்குக் கொடுப்பதை யாராவது கேள்விப்பட்டதுண்டா? இருபது தட்டு. ஒரு நொடியில் அடுக்கிவிட முடியாது. தமூ அந்தத் தட்டுகளைப் பார்த்தாள், பிறகு ஸாயித்தைப் பார்த்தாள். அவன் மைக்கின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். உலகத்திலேயே அவசரமான வேலை அதுதான் என்பதுபோலக் குனிந்த தலை நிமிராமல் சுருட்டினான்.

“அது மோஹாவுக்கு ஓதுனது!” தமூ நாற்காலி சரியும்படி எழுந்து கத்தினாள். “மௌத்தாப் போனவருக்கு ஓதுனதுய்யா! பெட்டி அங்க இருக்கு, எந்திரிங்க, வந்து ஓட்டுப் போடுங்க!”

எழுந்திருக்க யாராலும் முடியவில்லை. அந்த மலைகளில் கல்யாணத்தை முடிப்பது பாத்திஹா. கொலைப்பகையைத் தீர்ப்பதும் வயல் வரப்பை முடிவு செய்வதும் அதுவே. காகிதத்தில் எழுதியதைக் கிழித்தவன்கூட ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்கலாம், ஓதியதை முறித்தவனுக்கு ஒருவரும் ஓர் ஆட்டைக்கூட விற்க மாட்டார்கள். தமூ ஹம்மாதியிடம் ஓடினாள். மோஹாவுக்கு அடுத்ததாக, இரண்டாவது கையெழுத்துப் போட்ட கிழவர் அவர்.

“ஹம்மாதி மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாதா என்ன நடந்துச்சுன்னு?”

“தெரியுதும்மா.” கிழவர் கையிலிருந்த பால் கோப்பையைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் பிடித்திருந்தார். “ஏமாத்திப்புட்டான். நல்லாத் தெரியுது. ஆனா ஆமீன் சொல்லிட்டனே. நீ சொல்லலையா?”

“நான் மோஹா மாமாவுக்குச் சொன்னேன்.”

“அல்லாஹ் கிட்ட போயி இதுல பாதி இவருக்கு, பாதி அவருக்குன்னு பங்கு பிரிக்கச் சொல்றியா? கை விரிச்சாச்சு தாயி. விடு.”

ஒவ்வொருவராகப் போய்க் கேட்டாள். சிலர் நிஜமாகவே கலங்கியிருந்தார்கள். சிலர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. பயந்துகொண்டே போட வேண்டியிருந்த ஓட்டைப் போடாமலே வீட்டுக்குப் போகலாம், பழி ஆமீன் மேல். அறுபது பேரில் ஒருவர்கூட எழவில்லை.

ஸாயித்தைச் சமையல்கட்டுக்குப் பின்னால், கார்கள் நிற்கும் இடத்தில் பிடித்தாள்.

“என்னைப் பாருடா. மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. எவ்வளவுக்கு வித்த?”

“காசு வாங்குனேன்னு நினைக்கிறியா? சத்தியமாச் சொல்றேன், ஒரு திர்ஹம் தொடலை.” என்றான் அவன். “ஆம்புலன்ஸுக்காகக்கா. நம்ம பள்ளத்தாக்குக்கு. நாளைக்கே வருது, டிரைவரோட, டீசலோட. நீ ஜெயிச்சு, பட்டியலைத் தேடி, வழக்குப் போட்டு, எந்தக் காலத்துல வண்டி வரும்? அதுக்குள்ள இன்னும் எத்தினி பேரை உருளைக்கிழங்கு வண்டியில ஏத்துறது? உனக்குப் பெட்டி வேணுமா, ஆம்புலன்ஸ் வேணுமா?”

“ரெண்டும் வேணும்டா! ரெண்டும் நமக்குச் சேர வேண்டியது!”

“ரெண்டும் குடுக்க மாட்டாங்க. ஒண்ணை நான் எடுத்தேன்.”

“எடுத்தா எங்கிட்டச் சொல்லியிருக்கணும். தோத்துப் போறேன்னு சொல்லிட்டுத் தோத்திருப்பேன். அழுதுக்கிட்டே கையேந்துனேனேடா நான். எப்ப முடிவு பண்ணுன?”

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“மோஹா மாமா அடக்கத்தப்ப,” என்றான். “ஹாஜி வந்திருந்தாருல்ல. கபருக்கு மண்ணு போட்டுட்டு ஒதுங்கி நிக்கறப்ப பேசுனோம்.”

தமூ பிடியை விட்டாள். அந்த அடக்கத்தின்போது அவன் தோளில் சாய்ந்து அழுதது நினைவுக்கு வந்தது. அதற்கு முன்பா, பின்பா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. எந்தப் பதிலும் அவளுக்கு உதவாது. அவளுடைய அம்மா கொடுத்த பால் இப்படித் திரிந்துபோகும் என்று யார் கண்டது.

மறுநாள் மதியம் ஆம்புலன்ஸ் சைரன் அடித்துக்கொண்டே பள்ளத்தாக்கில் ஏறியது. ஊர் ஊராகக் குலவை. முன்சீட்டில் ஸாயித். தாலத் பெண்கள் தமூவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார்கள். “உன்னாலதான் தமூ! நீ சண்டை போட்டுத்தான் வந்துச்சு!” என்றார்கள். அவள் மரம் மாதிரி நின்றாள். குழந்தைகள் வண்டிக்குள் ஏறி இறங்க, அவளும் பின்கதவைத் திறந்து பார்த்தாள். கதவின் உள்பக்கம் ஒரு சின்னத் தகரப் பலகை திருகி வைத்திருந்தது. நன்கொடை கொடுத்தவர்கள் அடித்தது. ‘உஸ்மர் பள்ளத்தாக்கு மக்களுக்கு’ என்று அதில் இருந்தது. கீழே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

இரண்டாம் முறை படித்தாள், மூன்றாம் முறை படித்தாள். வண்டிக்குள் பேரீச்சங்கொட்டையும் எண்ணெய்ப் பிசுக்கும் கிடந்தன. ஹாஜி எதையும் கொடுக்கவில்லை. அவர்களுடையதையே மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு, அதையே விலையாகக் கொடுத்து அவர்களுடைய ஓட்டை வாங்கியிருக்கிறார்.

ஸாயித்தைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினாள். அவன் படித்தான். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தான். “எனக்குத் தெரியாதுக்கா. அல்லாஹ் மேல ஆணையா இது எனக்குத் தெரியாது,” என்றான். அது உண்மையாகவே இருக்கலாம். அதை நம்புவதற்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

அன்று மாலையே மாகாண அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினாள். முதல் வரி, ஓதிய பாத்திஹா இறந்தவருக்கானது, தேர்தலுக்கானது அல்ல, ஆகவே தேர்தல் நடக்கவே இல்லை. இரண்டாவது வரி, தகரப் பலகையும் அதன் தேதியும். கீழே ஒரே கையெழுத்து. இது வெளியே வந்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சாகும். அதற்கு முன்னால் இஜ்ஜாவுக்குத் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்று காலையில் அஸ்கூருக்கு நடந்தாள்.

இஜ்ஜா, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய துக்க நாட்களான இத்தாவில் இருந்தாள். உடம்பெல்லாம் வெள்ளை உடுத்தி, வீட்டைவிட்டு வெளியே போகாமல், வருகிறவர்கள் சொல்வதுதான் உலகம் என்றிருந்தாள். தமூவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஸாயித் வந்து சொன்னான். அவருக்காக மண்டபமே கையேந்துச்சாமே! நூறு ஊருத் தலைவருங்க! ராத்திரி பூரா அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். நீயும் இருந்தல்ல? எப்படி ஓதுனாங்க, சொல்லு.”

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடலாம். தமூவின் நாக்கு நுனிவரை அது வந்தது. எதற்கென்று சொல்லாமல் என்னை ஆமீன் சொல்ல வைத்தான் ஒருவன், இவளிடம் நானும் அதையே செய்தால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சொல்லிவிட்டாள். பாத்திஹா, துஆ, நான்காவது ஆமீன், பால், பேரீச்சம்பழம், ஒன்று விடாமல்.

இஜ்ஜா மெல்லக் கையை உருவிக்கொண்டாள்.

“இதை எதுக்கு எங்கிட்டச் சொன்ன?”

“உனக்குத் தெரியணும்னுதான்.”

“எனக்குத் தெரிஞ்சு என்ன ஆவப் போவுது? அவரு பேரை வச்சு வேற ஒருத்தன் பட்டம் கட்டிக்கிட்டான்னு நான் இங்க தனியா உக்காந்து நினைச்சுக்கிட்டு இருக்கணுமா?” அவள் குரல் உயரவில்லை. “ஸாயித் கெட்டவனாவே இருக்கட்டும். பள்ளத்தாக்குக்கு ஒரு வண்டி கொண்டாந்தான். எனக்கு ஒரு நல்ல வார்த்தை கொண்டாந்தான். நீ என்ன தமூ கொண்டாந்த?”

தமூவிடம் பதில் இருந்தது. பைக்குள் மனுவின் இரண்டாவது வரியாக இருந்தது. அந்த வண்டி மூன்று வருடமாக உங்களுடையது, மோஹா உருளைக்கிழங்கு வண்டியில் போயிருக்கவே வேண்டாம். இந்த ஒரு வாக்கியம் போதும், இஜ்ஜா ஸாயித்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். தமூ வாயைத் திறந்தாள். வெள்ளைத் துணிக்குள் சுருங்கியிருந்த அந்த முகத்தைப் பார்த்தாள்.

“ஒண்ணும் கொண்டாரலை,” என்றாள்.

இஜ்ஜா எழுந்து வழியனுப்ப வரவில்லை. தமூ கீழே இறங்கி டாக்ஸி பிடித்து, அன்றைக்கே மாகாண அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தாள். பலகையைப் பற்றிய இரண்டாவது வரியை அடித்து நீக்கவில்லை.